முதலில் டிக்கெட், பிறகு டப்பா

வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார், சேலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியை.

கோடைப் பயணத்தில் குடிநீர் பற்றி சென்ற இதழில் ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியர் குழு எதிர்பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்தேன். முப்பத்தாறு வருடம் அடுத்தவர் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்துப் பிழைத்தவள் நான். கல்யாண வீட்டுப் பந்தியில் யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பேச மாட்டார்கள். கடிதம் என்றால் மட்டும் நிறம், மணம் உட்பட எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள். வெளியூர், வெளிநாடு போய்த் திரும்பியபின் வயிறு கெட்டவர்களின் கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். பெயர்களை நீக்கிவிட்டேன், ஊர் போதும்.

ஜூன் மாதம் முக்திநாத் யாத்திரை போனேன். காத்மாண்டு, போக்ரா எல்லாம் சேர்த்து ஒன்பது நாள். திரும்பி வந்த நான்காம் நாள் ஆரம்பித்த வயிற்றுப்போக்கு, ஐந்து வாரமாக விட்டுவிட்டு வருகிறது. சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பாக இருக்கிறது. ஆறு கிலோ இளைத்துவிட்டேன். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார வேண்டியிருக்கிறது. இரண்டு லேப்களில் மலப் பரிசோதனை செய்தும் "முட்டை, சிஸ்ட் காணப்படவில்லை" என்றே வந்தது. எல்லாம் மனப்பிரமை என்கிறார் என் கணவர்.
*— வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்*

இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் கொடுங்கள்.

நேபாளம், மழைக்காலம், போய்ப் போய்த் திரும்பிவரும் பேதி, பசியின்மை, படி ஏற முடியாத அசதி. இவை எல்லாம் ஒரே கடிதத்தில் இருந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் சைக்ளோஸ்போரா. ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. நேபாளத்தில் மழை மாதங்களில்தான் இதன் ஆட்டம் அதிகம். பெரு நாட்டின் லிமா நகரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சேர்த்து, சைக்ளோஸ்போரா கயட்டனென்சிஸ் என்று 1990களில்தான் இதற்கு முழுப் பெயர் சூட்டினார்கள். அதற்கு முன் இது என்ன என்றே தெரியாமல், நீலப்பச்சைப் பாசி போல ஒன்று என்று எழுதிவைத்திருந்தார்கள். நான் படித்த பாடப்புத்தகத்தில் இது கிடையாது. என் வயதுக்காரர்கள் பலர் இதைத் தேடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு லேப்களும் பொய் சொல்லவில்லை. (சிஸ்ட் என்பது ஒற்றைச் செல் ஒட்டுண்ணி ஓடு மூடி உறங்கும் வடிவம்.) தேடாததைக் காணவில்லை, அவ்வளவுதான். சாதாரண மலப் பரிசோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம் உப்புநீர் ஒரு சொட்டு, மறுபக்கம் அயோடின் ஒரு சொட்டு. தீக்குச்சித் தலையளவு மலத்தை எடுத்து இரண்டிலும் கரைத்து, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை மூடிப் பார்ப்பார்கள். கீழே வைத்த செய்தித்தாளின் எழுத்து அதன் வழியே தெரிய வேண்டும், அதுதான் சரியான பதம். கொக்கிப்புழு முட்டை, நாக்குப்பூச்சி முட்டை எல்லாம் இதில் பளிச்சென்று தெரியும். சைக்ளோஸ்போரா அப்படி இல்லை. கசங்கிய கண்ணாடி மணி போல, நிறமே இல்லாமல் கிடக்கும். காலையில் நாற்பது டப்பாக்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன், கொழுப்புத் துளி என்று தள்ளிவிட்டுப் போவார். நானும் அப்படிப் போயிருப்பேன்.

இதற்குச் சாயமேற்ற வேண்டும். காசநோய்க்குச் சளியில் போடும் சாயத்தின் சாதுவான தங்கை ஒன்று உண்டு, மாடிஃபைடு ஆசிட் ஃபாஸ்ட் என்று பெயர். அதில் இந்த மணிகளில் சில இளஞ்சிவப்பாகவும் சில ரத்தச் சிவப்பாகவும் நிற்கும். சில சாயத்தையே ஏற்காமல் ஆவி மாதிரி வெளுத்துத் தெரியும். ஒரே தகட்டில் இந்த மூன்றையும் பார்த்தால் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வரும், நோயாளி மன்னிக்கட்டும். பிறகு அளவெடுக்க வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எட்டு முதல் பத்து மைக்ரான் இருந்தால் சைக்ளோஸ்போரா. நான்கு முதல் ஆறு இருந்தால் அதன் உறவுக்காரன் கிரிப்டோஸ்போரிடியம். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய ஏழு மைக்ரான். அதைவிடப் பெரிதா சிறிதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். புற ஊதா வெளிச்சம் உள்ள நுண்ணோக்கி இருந்தால் சாயமே வேண்டாம், தானாக நீல வளையமாக ஒளிரும்.

ஆகவே மருத்துவரிடம் போய், பரிசோதனைச் சீட்டில் இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: "நேபாளப் பயணம், ஐந்து வாரப் பேதி, சைக்ளோஸ்போரா மற்றும் கிரிப்டோஸ்போரிடியத்துக்குச் சாயமேற்றிப் பார்க்கவும், ஜியார்டியா ஆன்டிஜென் செய்யவும்." ஜியார்டியாவும் ஒரு ஒற்றைச் செல் குடல் ஒட்டுண்ணிதான். ஆன்டிஜென் பரிசோதனை என்பது கிருமியின் புரதத்தை மலத்தில் தேடுவது. ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டு மூன்று தடவை கொடுங்கள். இவை எல்லாம் தினமும் ஒரே அளவில் வெளியே வருவதில்லை. ஒருநாள் கொட்டும், மறுநாள் ஒன்றுகூட இருக்காது.

சைக்ளோஸ்போரா என்று உறுதியானால் கோட்ரைமாக்சசோல் என்ற பழைய, மலிவான மாத்திரையே போதும். சல்ஃபா மருந்து உங்களுக்கு ஒவ்வாது என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எப்படி வந்திருக்கும் என்று கேட்பீர்கள். பாட்டில் தண்ணீர்தான் குடித்தோம் என்று யாத்திரை போன எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பருப்பின் மேல் தூவிய பச்சைக் கொத்தமல்லியை எந்தத் தண்ணீரில் கழுவினார்கள்? குளோரின் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது.

மூன்று மாதிரிகளிலும் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், ஆறு கிலோ குறைந்தது பிரமை ஆகாது. அப்போது குடல் நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கிருமி போன பிறகும் குடல் தேறாமல் சத்தை உறிஞ்ச மறுக்கும் நோய்கள் இருக்கின்றன.

தாய்லாந்திலிருந்து வந்து நான்கு நாளாகிறது. இரண்டு நாளாகப் பேதி. பூச்சி டெஸ்ட் எடுக்கலாமா?
*— வாசகர், ஐந்து ரோடு, சேலம்*

வேண்டாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்துவிட்டுப் படுங்கள். முதல் வாரப் பேதி பெரும்பாலும் பாக்டீரியாவின் கைவரிசை, தானாகவே அடங்கும். பதினான்கு நாளைத் தாண்டியும் நிற்காவிட்டால்தான் ஒட்டுண்ணியைத் தேடத் தொடங்குவோம். மேலும், நாக்குப்பூச்சி முட்டை இன்று வயிற்றுக்குள் போனால், அது வளர்ந்து தான் முட்டையிட இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். நான்காம் நாள் டப்பாவில் அதைத் தேடுவது, நேற்று நட்ட மாங்கன்றில் காய் தேடுவது போல.

மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், சிறுநீரே போகாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பயணத்திலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால் மலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ரத்தத்தில் மலேரியா பார்க்க வேண்டும்.

என் கணவர் போர்வெல் வண்டியில் வேலை செய்கிறார். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் பதினான்கு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறார். போன புதிதில் ஒரு மாதம் காய்ச்சல், இருமல், உடம்பெல்லாம் தடிப்பு இருந்ததாம், தானாகச் சரியாகிவிட்டதாம். இப்போது சிறுநீர் கழித்து முடிக்கும்போது சில நாள் ரத்தம் தெரிகிறது. கல் என்று ஸ்கேன் எடுத்தோம், கல் இல்லை. ஈசினோஃபில் 18 சதவீதம். அலர்ஜி என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இது வயிற்றுக் கேள்வி இல்லை, மன்னிக்கவும்.
*— வாசகி, திருச்செங்கோடு*

இது வயிற்றுக் கேள்வியின் அண்ணன், மன்னிப்புக்கு வேலை இல்லை. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி குறைகிறது. அவரிடம் கேளுங்கள்: அங்கே ஏரியில் குளித்தாரா? ஞாயிற்றுக்கிழமை ஏரியில் குளிக்காத போர்வெல்காரரை நான் பார்த்ததில்லை. வாரம் முழுக்கச் சேற்றில் நிற்பவர் வேறு எங்கே போவார்?

மலாவி ஏரி பார்க்கப் பளிங்கு போல இருக்கும். அதன் கரையோர நத்தைகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்கள் வெளிவந்து நீந்துகின்றன. காலில் புண் எதுவும் இருக்க வேண்டியதில்லை, சில நிமிடங்களில் நல்ல தோலையே துளைத்து உள்ளே போய்விடும். ஷிஸ்டோசோமா என்று பெயர். எகிப்தில் இதைக் கண்டுபிடித்த ஜெர்மானிய மருத்துவர் பில்ஹார்ஸின் பெயரால் பில்ஹார்சியா என்றும் சொல்வார்கள். சில வாரங்கள் கழித்து வரும் காய்ச்சலும் இருமலும் தடிப்பும் உடம்பு எதிர்த்து நிற்கும் கட்டம். அந்தக் கட்டத்துக்கு ஜப்பானில் ஓர் ஊரின் பெயரை வைத்து, கட்டயாமா காய்ச்சல் என்று அழைக்கிறார்கள். பிறகு ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்து ரத்தக் குழாய்க்குள் குடித்தனம் நடத்தும், வருடக் கணக்கில். ஒரு வகை குடலைச் சுற்றிய குழாய்களில் வாழ்வது, அதன் முட்டை மலத்தில் வரும். இன்னொரு வகை சிறுநீர்ப்பையைச் சுற்றி வாழ்வது. சிறுநீரின் கடைசிச் சொட்டுகளில் ரத்தம் என்பது இந்த இரண்டாம் வகையின் கையெழுத்து.

சிறுநீரை எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லேப்பில் வழக்கமாகக் கேட்கும் விடியற்காலைச் சிறுநீர் வேண்டாம். இந்த முட்டை உச்சி வேளையில்தான் அதிகம் இறங்கும். காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில், கொஞ்சம் நடந்துவிட்டு, முழுச் சிறுநீரையும் கடைசிச் சொட்டு வரை பிடித்துக் கொடுக்கட்டும். அதைச் சுழற்றி அடியில் படிவதைப் பார்த்தால், ஒரு முனையில் முள் வைத்த நீள்வட்ட முட்டை தெரியும். முள் பக்கவாட்டில் இருந்தால் அது குடல் வகை. கொக்கிப்புழு முட்டையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெரியது, தவறவிட முடியாது. ஆனால் நம் ஊரில் யாரும் இதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில்லை. மலாவி என்ற சொல் சீட்டில் இருக்க வேண்டும்.

எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் உண்டு, பெரிய லேப்களுக்கு அனுப்பிச் செய்ய வேண்டும். தண்ணீரில் இறங்கி இரண்டு மூன்று மாதம் ஆகாமல் செய்தால் இல்லை என்று தவறாக வரலாம். உங்கள் கணவருக்கு அந்தக் கவலை இல்லை. மருந்து பிராசிகுவான்டல். கவனிக்காமல் விட்டால் பல வருடம் கழித்துச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரை போகக்கூடியது என்பதால், அலர்ஜி மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள். அதே வண்டியில் போய் அதே ஏரியில் குளித்த மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கும் உள்ளே இருக்கலாம்.

ஈசினோஃபில் பற்றி ஒரு வார்த்தை. ரத்த வெள்ளையணுக்களில் அது ஒரு வகை. பயணத்துக்குப் பின் அது ஏறியிருந்தால் பொதுவாகப் புழுவைத் தேட வேண்டும். அமீபா, ஜியார்டியா, சைக்ளோஸ்போரா போன்ற ஒற்றைச் செல் ஆசாமிகள் அதை ஏற்றுவதில்லை. அலர்ஜியும் ஏற்றும், உண்மைதான். ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவருக்கு அலர்ஜி என்ற சொல் கடைசியாக வர வேண்டும்.

மலத்தை எப்படி, எவ்வளவு, எதில் கொடுப்பது? லேப்பில் டப்பாவை நீட்டுகிறார்களே தவிர ஒன்றும் சொல்வதில்லை.
*— வாசகர், ஆத்தூர்*

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தீப்பெட்டியில் கொண்டுவருவார்கள். வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. ஒருவர் மைசூர்பாகு டப்பாவில் கொண்டுவந்தார். எங்கள் அட்டெண்டர் அதைத் திறக்கும்வரை பிரியமாக வைத்திருந்தார். இப்போது அகன்ற வாயும் திருகு மூடியும் உள்ள டப்பாவே கொடுக்கிறார்கள். அதை நிரப்ப வேண்டாம். ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு போதும். நீராகப் போனால் மூன்று நான்கு தேக்கரண்டி. கழிப்பறைப் பீங்கானிலிருந்து எடுக்காதீர்கள், பழைய செய்தித்தாளை விரித்து அதிலிருந்து எடுங்கள். சிறுநீரும் தண்ணீரும் பட்டால் உயிரோடு நகரும் அமீபா செத்துவிடும். சளி, ரத்தம் இருக்கும் இடம் கண்ணில் பட்டால் அதைத்தான் எடுக்க வேண்டும். அருவருப்பில் அதை விட்டுவிட்டு "நல்ல" பகுதியைக் கொண்டுவருகிறவர்களே அதிகம்.

நீராகப் போனால் அரை மணி நேரத்துக்குள் லேப்பில் இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் சில மணி நேரம் தாங்கும். ஆன்டிபயாடிக், வயிற்றுப்புண் மருந்து, விளக்கெண்ணெய், பேரியம் குடித்து எடுத்த எக்ஸ்ரே எதுவாக இருந்தாலும் ஒன்றிரண்டு வாரம் எதையும் மறைத்துவிடும். முதலில் டப்பா, பிறகு மாத்திரை. நம் வீடுகளில் எப்போதும் தலைகீழ்.

நேரத்தின் அருமையை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், சித்திரை வெயில். முந்தின நாள் காலையில் வந்த டப்பா மேஜை மேலேயே கிடந்தது. மறுநாள் பார்த்தால் இளம்புழு ஒன்று துள்ளுகிறது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். என் பேராசிரியர் தகட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "வாயைப் பாரும்மா" என்றார். கொக்கிப்புழுக் குஞ்சுக்கு வாய்க்குழல் நீளம், ஸ்ட்ராங்கிலாய்டுக்குக் குட்டை. டப்பாவில் வந்தது கொக்கிப்புழு முட்டை. சேலத்து வெயிலில் ஒருநாள் கிடந்து பொரித்துவிட்டது. கோழி வளர்க்கவா லேப் வைத்திருக்கிறோம் என்று கேட்டார்.

புழு வந்தது என்று எல்லோரும் காட்டுவதும் புழு இல்லை. கருத்த நூல் போலத் துண்டு துண்டாக இருந்தால், முந்தின நாள் ஏற்காட்டு மலைவாழைப்பழம் சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். வாழைப்பழ நார்தான் அப்படி வரும். அதற்காக மூன்று தடவை பூச்சி மாத்திரை சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இருபது வயதில் இந்தியா திரும்பியவர். பிறகு ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை. கடும் மூச்சிளைப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றிலும் ஈசினோஃபில் அதிகம் என்று இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய மலேயாவுக்கும் இப்போதைய நெஞ்சுக்கும் சம்பந்தம் இருக்க முடியுமா?
*— வாசகர், ஏற்காடு*

இருக்க முடியும். இந்த மாதம் வந்த கடிதங்களில் உடனே பதில் தேவைப்பட்டது இது ஒன்றுதான். அச்சுக்குக் காத்திருக்காமல் தபாலில் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

மேலே சொன்ன ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவை முதன்முதலில் கண்டதே ஊர் திரும்பியவர்களிடம்தான். 1876-ல் பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் லூயி நார்மன், கொச்சின்சீனாவிலிருந்து, அதாவது இன்றைய தென் வியட்நாமிலிருந்து, தீராத பேதியோடு திரும்பிய சிப்பாய்களின் மலத்தில் இதைப் பார்த்தார். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் வழியே ஏறும். கொக்கிப்புழுவும் அப்படித்தான். ஆனால் கொக்கிப்புழு சில வருடத்தில் செத்துப்போகும். இதன் குஞ்சோ வெளியே போகாமல் குடலுக்குள்ளேயே முதிர்ந்து, குடல் சுவரைத் துளைத்து, அதே ஆளை மறுபடி தொற்றும். வீட்டை விட்டு வெளியே வராமலே வம்சம் வளர்க்கும். ஜப்பானியர் சயாம் மரண ரயில்பாதை போடக் கொண்டுபோன போர்க்கைதிகளில் பலருக்கு, நாற்பது வருடம் கழித்தும் இந்தப் புழு இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பாதையில் மலேயாவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர்களும் பல்லாயிரம் பேர் நின்றார்கள். தப்பித் திரும்பியவர்களின் மலத்தை நாற்பது வருடம் கழித்து யார் பார்த்தார்கள்?

உங்கள் அப்பாவுக்கு மலேயாவில் ஏறியதா, சேர்வராயன் மலைக் காப்பிச் செடிகளுக்கு அடியில் ஏறியதா என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். இரண்டும் ஈர மண், இரண்டிலும் வெறுங்கால். அவரிடம் ஒன்று கேளுங்கள். இடுப்பு, தொடைப் பக்கம் திடீரென்று கோடு போல அரிப்பு வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு நகர்ந்து, ஒருநாளில் மறைந்துபோவது உண்டா? உண்டு என்றால் எனக்குப் பரிசோதனையே பாதிதான் தேவை.

ஸ்டீராய்டு கொடுத்தால் உடம்பின் காவல் தளரும். அதுவரை அடக்கமாக இருந்த புழு, ஆயிரக்கணக்கில் பெருகி நுரையீரல், மூளை என்று கிளம்பிவிடும். ஒருவரை நான் மறக்க முடியாது. எஸ்டேட் தொழிலாளி, ஐம்பது வயது இருக்கும். ஒரே ஒரு டப்பா வந்தது. நான்தான் பார்த்தேன். எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். ஒற்றை மாதிரியில் இந்தப் புழு பாதிக்கு மேல் தப்பிவிடும் என்பது எனக்கு அப்போதே தெரியும். எங்கே வேலை செய்கிறார் என்று சீட்டிலும் இல்லை, நானும் கேட்கவில்லை. இளைப்புக்கு ஸ்டீராய்டு தொடங்கினார்கள். மூன்று வாரம் கழித்துக் காசநோய்க்காக அவர் சளி என் மேஜைக்கு வந்தது. தகட்டில் புழு நெளிந்துகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் இறந்துவிட்டார்.

ஆகவே ஸ்டீராய்டு தொடங்கும் முன்பு இரண்டு பரிசோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸுக்கான ரத்தப் பரிசோதனை. மற்றொன்று, மலத்தை அகர் தட்டில் வைத்துப் பார்ப்பது. பாக்டீரியா வளர்க்கும் அதே தட்டின் நடுவில் கொஞ்சம் மலத்தை வைத்து இரண்டு மூன்று நாள் விட்டால், புழு ஊர்ந்துபோன வழியெல்லாம் பாக்டீரியா முளைத்து, ஈரமணலில் நத்தை போன தடம் மாதிரி, மணி கோத்த கோடாகத் தெரியும். நுண்ணோக்கிகூட வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் போதும். இளைப்பு கடுமையாகி ஸ்டீராய்டைத் தள்ளிப்போட முடியாத நிலை வந்தால், ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஐவர்மெக்டின் கொடுத்துவிடுவதும் உண்டு. அந்த முடிவு உங்கள் மருத்துவருடையது. ஆனால் மலேயா என்ற ஒரு வார்த்தையை அவரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

மகன் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் மருத்துவம் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவனுக்கு வயிற்றுப் பொருமல், அழுகிய முட்டை வாசனையில் ஏப்பம், தண்ணீரில் மிதக்கும் மலம். "அமீபா சிஸ்ட் உள்ளது" என்று ரிப்போர்ட். மெட்ரோனிடசோல் கொடுத்தோம், பாதி சரியாயிற்று. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எப்போது பார்த்தாலும் அமீபா என்றுதான் வருகிறது. இது தீராதா?
*— வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்*

ஒரு வேடிக்கை சொல்கிறேன். மனிதக் குடலில் இந்த அமீபாவை முதலில் கண்டு எழுதியவர் ஃபியோதர் லோஷ், 1875-ல். எந்த ஊரில் தெரியுமா? உங்கள் மகன் படிக்கும் அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்கில்.

ஆனால் நீங்கள் சொல்லும் குறிகள் அமீபாவுடையவை அல்ல. அமீபா என்றால் சீதமும் ரத்தமும் கடுப்பும். கெட்ட ஏப்பம், பொருமல், மிதக்கும் எண்ணெய்ப்பசை மலம் என்றால் ஜியார்டியா. அதே நகரம் லெனின்கிராடு என்று இருந்த 1970களில், அங்கே சுற்றுலா போய்த் திரும்பிய வெளிநாட்டார் பலருக்கு இதுதான் வந்தது. உயிரோடு பார்த்தால் ஜியார்டியா அழகான பிராணி. பிளந்த பேரிக்காய் வடிவம், கண் போல இரண்டு உட்கருக்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு குட்டி முகம் நம்மையே அண்ணாந்து பார்ப்பது போல இருக்கும். நகரும்போது காற்றில் உதிரும் இலை போலப் புரண்டு புரண்டு வரும். 1681-ல், தானே நுண்ணோக்கி செய்து பார்த்த டச்சுக்காரர் லேவன்ஹூக், தன் சொந்த மலத்திலேயே இதைப் பார்த்துவிட்டார். மலம் பார்ப்பது கேவலம் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அவர்தான்.

மெட்ரோனிடசோல் இரண்டுக்கும் வேலை செய்யும் என்பதால், தவறான பெயரில் கொடுத்தும் பாதி பலித்தது. ஜியார்டியா ஆன்டிஜென் பரிசோதனை செய்யுங்கள். அது இல்லை என்று வந்தும் பொருமல் நின்றபாடில்லை என்றால், இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். ஜியார்டியா போன பிறகும் சில வாரம் குடல் பாலை ஏற்காது.

இனி உங்கள் வீட்டு அமீபா. நுண்ணோக்கியில் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு அமீபாக்கள் உண்டு. ஒன்று நோய் தரும் ஹிஸ்டோலிடிகா. மற்றொன்று டிஸ்பார், வாடகை கொடுக்காமல் குடியிருப்பதைத் தவிர வேறு தீங்கு செய்யாது. சிஸ்டைப் பார்த்து எது என்று நானும் சொல்ல முடியாது, எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் சொல்ல முடியாது. ரத்தச் சிவப்பணுவை விழுங்கிய நிலையில் நகரும் அமீபாவைப் பார்த்தால் ஹிஸ்டோலிடிகா என்று சொல்லலாம். மற்றபடி ஆன்டிஜென் அல்லது மரபணுவைப் பார்க்கும் பிசிஆர்தான் பிரிக்கும். டிஸ்பாருக்கு மருந்து வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 1997-லேயே சொல்லிவிட்டார்கள். நம் ஊர் லேப் ரிப்போர்ட்டுகளில் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. போதாக்குறைக்குச் சீழணுக்களையே அமீபா என்று எழுதிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தொந்தரவு இல்லாதவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மெட்ரோனிடசோல் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். வாய்க் கசப்புதான் மிச்சம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், மலத்தில் ஒன்றுமே இல்லை என்றால் அமீபா இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கல்லீரலில் சீழ்க்கட்டியாக இருக்கலாம். அதற்கு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்தான், டப்பா உதவாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை போடுகிறோம். பயணத்துக்கு அது போதாதா?
*— வாசகர், ஓமலூர்*

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளில் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அந்த அல்பெண்டசோல், நாக்குப்பூச்சிக்கும் கொக்கிப்புழுவுக்கும் நல்ல மருந்து. மேலே நான் எழுதிய மற்ற எதற்கும் அந்த ஒற்றை மாத்திரை போதாது.

ஏற்காட்டில் எங்கள் வீட்டின் ஒரு பகுதியைத் தங்குவதற்கு விடுகிறோம். மூன்று நாள் தங்கிச் சென்ற வெளிநாட்டுத் தம்பதி, ஊர் போய் "உங்கள் வீட்டில் ஜியார்டியா பிடித்தது" என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊற்றுத் தண்ணீரை மூன்று தலைமுறையாகக் குடிக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் இல்லை. இது அபாண்டம் இல்லையா?
*— வாசகர், ஏற்காடு*

நமக்கு நேபாளமும் மலாவியும் எப்படியோ, அவர்களுக்கு நாம் அப்படி. வெளிநாட்டு மருத்துவப் புத்தகத்தில் "பயணியின் பேதி" என்ற அத்தியாயத்தைத் திறந்தால், போகக்கூடாத ஊர்ப் பட்டியலில் நம் ஊர்தான் நடுநாயகமாக இருக்கும். முதன்முறை படித்தபோது எனக்கும் கோபம் வந்தது.

தேதிகளைக் கேட்டு வாங்குங்கள். ஜியார்டியா உள்ளே போய்த் தொந்தரவு தொடங்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். உங்கள் வீட்டில் தங்கிய மறுநாளே பேதி என்றால், அது அவர்கள் இதற்கு முன் தங்கிய ஊரின் சரக்கு. பத்து நாள் கழித்து என்றால் நீங்களும் பட்டியலில் இருக்கிறீர்கள். மூன்று தலைமுறைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது சாட்சியம் ஆகாது. சிறு வயதிலிருந்து அடிக்கடி பட்டவர்கள், தொந்தரவே இல்லாமல் அதைச் சுமந்துகொண்டிருப்பது சகஜம். வீட்டில் சமைப்பவர் உட்பட எல்லோருக்கும் ஆன்டிஜென் பரிசோதனை செய்துவிடுங்கள். ஊற்றுக்கு மேல்புறம் மாடு கட்டுகிறார்களா, யார் வீட்டுக் கழிவுத் தொட்டி இருக்கிறது என்று ஏறிப் பாருங்கள்.

விருந்தினருக்குக் கொதிக்கவைத்த தண்ணீர் கொடுங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதில் கிருமி சாகாது என்று உங்கள் ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். சாகும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் ஜியார்டியாவும் சைக்ளோஸ்போராவும் தாங்காது. முக்திநாத் போன்ற உயரத்தில்தான் மூன்று நிமிடம் வேண்டும்.

அபாண்டமா இல்லையா என்பதற்கு வருகிறேன். அடுத்த மாதம் மலைக்கு வருவதாக இருக்கிறேன். இடம் இருந்தால் உங்கள் வீட்டிலேயே தங்குகிறேன். அறையை அப்புறம் காட்டலாம், தண்ணீர்த் தொட்டி மூடியை முதலில் திறந்து வையுங்கள்.